ரஸ்ட்டின் யுயுஐடி கிரேட்: நல்ல சரக்கு, பைட் வரிசையில் மட்டும் கவனம்

யுயுஐடி எனும் தனித்த அடையாள எண் தேவைப்பட்டால் ரஸ்ட் ப்ரோகிராமிங் மொழியில் எழுதுபவர்கள் பெரும்பாலும் எடுப்பது அதே பெயருள்ள இந்தக் கிரேட்டைத்தான் (கிரேட் என்றால் ரஸ்ட் நூலகம்). ஓர் ஐடியின் உள்ளே இருப்பது வெறும் 16 பைட். ஹீப் (ஓடும்போது கேட்டு வாங்கும் மெமரி) தேவையில்லை, டிஃபால்ட் ஃபீச்சரை (தானாகச் சேரும் கூடுதல் வசதி) அணைத்துவிட்டால் ஃபர்ம்வேர் வேலைக்கும் ஒத்துவரும். ஆனால் கிரேட்டின் பெயரை மட்டும் சேர்த்துவிட்டு புதிய ஐடி உருவாக்க நியூ_வி4 என்று அழைத்தால், அப்படி ஒன்றே இல்லை என்று கம்பைலர் கைவிரிக்கும். வி4, வி7 என்னும் ஐடி வகைகள் ஒவ்வொன்றும் தனி ஃபீச்சர். ப்ராஜெக்ட்டின் நூலகங்களைப் பட்டியலிடும் கார்கோ கோப்பில் கேட்டு வாங்க வேண்டும்.

மாறாத ஐடிகளுக்கு யுயுஐடி மேக்ரோதான் சரி. ஓர் இலக்கம் விடுபட்டாலும் பில்ட் அங்கேயே நிற்கும். அதையே எழுத்து வடிவிலிருந்து பார்ஸ் செய்து அன்ராப் (பிழை இருந்தால் ப்ரோகிராமை நிறுத்தும் அழைப்பு) போட்டால், பிழை ப்ரோகிராம் ஓடும்போதுதான் வெடிக்கும்.

பலர் சறுக்கும் இடம் விண்டோஸ் ஜியுஐடி (யுயுஐடிக்கு மைக்ரோசாஃப்ட் வைத்த பெயர்). 00112233-4455-6677 என்று தொடங்கும் ஐடி அங்கே மெமரியில் 33 22 11 00, 55 44, 77 66 என்று கிடக்கும். கடைசி 8 பைட் மட்டும் புரளாது. டிஸ்க் பிரிவுகளைக் குறித்துவைக்கும் ஜிபிடி பார்ட்டிஷன் டேபிளிலும் இதே கதை. அந்த பைட்டுகளை அப்படியே எடுத்தால் ஃப்ரம்_பைட்ஸ்_எல்இ போட வேண்டும் (எல்இ என்றால் லிட்டில்-எண்டியன், பைட்டுகளைக் கடைசியிலிருந்து அடுக்கும் முறை). ஸ்ட்ரக்ட்டிலிருந்து நான்கு ஃபீல்டுகளை எண்ணாகப் படித்திருந்தால் ஃப்ரம்_ஃபீல்ட்ஸ் போதும். 'விண்டோஸ்தானே' என்று அதிலும் எல்இ வகையைப் போட்டால் சரியாக இருந்ததைப் புரட்டிவிடுவீர்கள். இரண்டு தவறுக்கும் எரர் வராது, தவறான ஐடிதான் வரும்.

குறை என்று சொன்னால், டிஃபால்ட் மதிப்பு. ஸ்ட்ரக்ட்டுக்கு டிஃபால்ட்டை டிரைவ் (derive, தானாக உருவாக்கச் சொல்வது) செய்தால் ஐடி ஃபீல்டில் சத்தமில்லாமல் முழுப் பூஜ்யம் உட்காரும். டேட்டாபேஸில் முதல் வரிசை நுழைந்துவிடும், இரண்டாவது யுனீக் கீயில் மோதும். நான்நில்யுயுஐடி வகை இதைத் தடுக்கிறது. ஆப்ஷனுக்குள் (மதிப்பு இல்லாமலும் இருக்கலாம் என்று சொல்லும் வகை) வைத்தாலும் அதே 16 பைட்தான். அதைக் கிரேட்டின் ஆவண முகப்பிலேயே பரிந்துரைத்திருக்கலாம்.

ப்ரைமரி கீ என்றால் வி7. 2024-இல் வந்த இணையத் தர ஆவணமான ஆர்எஃப்சி 9562 வரையறுத்தது. முதல் 48 பிட் மில்லிசெகண்ட் நேரம் என்பதால் புதிய வரிசைகள் இண்டெக்ஸின் கடைசியில் போய்ச் சேரும். உருவான நேரம் வெளியே தெரியக்கூடாது என்றால் 122 ரேண்டம் பிட் உள்ள வி4. பிரௌசருக்கான வெப்அசெம்ப்ளி பில்டில் ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) ஃபீச்சரையும் சேர்க்காவிட்டால் ரேண்டம் எண் கிடைக்காது.