கோல்டு ஸ்ப்ரே சிமுலேஷன்: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் எதை நம்புகிறேன், எதை நம்புவதில்லை

கோல்டு ஸ்ப்ரே பூச்சில் உலோகத் தூள் உருகுவதில்லை. உயர் அழுத்தத்தில் சூடாக்கிய நைட்ரஜனையோ ஹீலியத்தையோ நடுவில் குறுகிப் பின் விரியும் நாசில் வழியே செலுத்தும்போது வாயு ஒலியை மிஞ்சிய வேகம் பெறுகிறது. அதில் கலந்து வரும், பெரும்பாலும் 5 முதல் 50 மைக்ரான் வரை விட்டமுள்ள துகள்கள் திண்மமாகவே மோதி ஒட்டிக்கொள்கின்றன. 1980களில் நோவோசிபிர்ஸ்க் நகரில் அனத்தோலி பாப்பிரினும் சகாக்களும் காற்றுச் சுரங்கச் சோதனைகளின்போது கவனித்த நிகழ்வு இது. ஒரு துகளின் மோதல் நூறு நானோநொடிக்குள் ஏறத்தாழ முடிந்துவிடுவதால், உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறியச் சிமுலேஷனையே பெரிதும் நம்ப வேண்டியிருக்கிறது. அந்த நம்பிக்கை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதே இப்பகிர்வு.

வாயு ஓட்டப் பகுதியைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. வட்ட நாசிலுக்கு அச்சுச் சமச்சீர் மாதிரி போதும். ஃப்ளூயன்ட், ஓப்பன்ஃபோம் ஆகிய பாய்ம ஓட்ட மென்பொருள்கள் இரண்டிலும் சாதாரணக் கணினியிலேயே இயக்கிவிடலாம். கவனிக்க வேண்டியவை இரண்டு. வாயு ஜெட், பூச்சு ஏறும் அடிப்பரப்பில் முட்டும் இடத்தில் வில் வடிவ அதிர்வலை எழுகிறது. 5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் அதைக் கடக்கையில் வேகத்தில் பெரும் பங்கை இழக்கின்றன. ஆகவே அடிப்பரப்பை மாதிரியில் சேர்க்காமல் நாசில் வாயிலில் வேகத்தைப் படித்து எழுதும் அறிக்கைகளை நான் பொருட்படுத்துவதில்லை. இரண்டாவது, இழுவிசைக் குணகம், அதாவது வாயு துகளை எவ்வளவு பலமாக இழுத்துச் செல்கிறது என்பதைக் குறிக்கும் எண். மென்பொருள் தரும் இயல்பான தேர்வு வழவழப்பான கோளத்துக்கானது; ஸ்பாஞ்ச் வகை டைட்டானியத் தூள் கோளமே அல்ல. ஒழுங்கற்ற துகள் கூடுதல் இழுவிசை பெற்று, கணக்கு காட்டுவதைவிட வேகமாகப் பறக்கும்.

உண்மையான சிக்கல் மோதலில்தான் தொடங்குகிறது. மோதலைக் கணக்கிடும் மென்பொருளான அபாகஸ் எக்ஸ்பிளிசிட்டில் எல்லாரும் முதலில் எடுப்பது லக்ராஞ்சியன் முறை, அதாவது மெஷ் (கணக்குக்காகப் பிரிக்கும் கட்ட வலை) உலோகத்தோடு சேர்ந்தே உருமாறும் முறை. 25 மைக்ரான் செம்புத் துகளை அதன் விட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு அளவுள்ள, அதாவது அரை மைக்ரான் கட்டங்களாகப் பிரித்து, நொடிக்கு 500 மீட்டர் வேகத்தில் செம்பின் மீதே மோதவிட்டால், முதல் பத்து இருபது நானோநொடிகள் எல்லாம் அழகாகவே நடக்கும். பிறகு தொடுபரப்பின் விளிம்பில் இருக்கும் கட்டங்கள் ஊசியாக நீண்டு மடங்கும். காலப்படி, அதாவது கணக்கு ஒவ்வொரு முறையும் முன்னேறும் நேர அளவு, சரசரவென்று சுருங்கும். ஒன்று கணக்கு நின்றுபோகும், அல்லது நிற்காமல் ஓடி நம்ப முடியாத வெப்பநிலையைத் தரும். மெஷ்ஷை நுணுக்கினால் சரியாகும் என்று நினைக்கத் தோன்றும். நுணுக்க நுணுக்க விளிம்பின் திரிபும் (உருமாற்ற அளவு) வெப்பமும் ஏறிக்கொண்டே போகுமே தவிர ஓரிடத்தில் நிலைபெறுவதில்லை. அசாதி, கார்ட்னர், ஸ்டோல்டன்ஹோஃப், கிரேய்யே ஆகியோரின் 2003ஆம் ஆண்டு ஆய்வு, சறுக்குப் பெயர்ச்சி நிலைகுலைவு (வெப்பத்தால் மென்மையாகி விளிம்பு உலோகம் திடீரென வழுக்கி ஓடுவது) தொடங்கும் வேகமே மாறுநிலை வேகம் (துகள் ஒட்டத் தேவையான குறைந்தபட்ச வேகம்) என்ற கருத்தை நிலைநாட்டியது. அதிலேயே மெஷ் அளவின் தாக்கத்தைத் தனியே ஆராய வேண்டியிருந்தது என்பதைப் பின்னால் வந்த பலர் வசதியாக மறந்துவிட்டார்கள்.

இதற்கு மாற்றாக நான் நெடுங்காலமாகப் பயன்படுத்துவது ஆய்லர் முறை. இங்கே மெஷ் அசையாது, உலோகம் அதனூடே பாயும். கட்டங்கள் சிதைவதில்லை, விளிம்பில் பீறிடும் உலோக ஜெட்டின் உருவம் நுண்ணோக்கிப் படங்களில் காண்பதோடு நன்றாகவே ஒத்துப்போகிறது, துகள் எவ்வளவு தட்டையாகிறது என்பதும் அப்படியே. ஜெட் புகுவதற்கு வெற்றுக் கட்டங்களைத் தாராளமாக விட வேண்டும், மெஷ்ஷின் எல்லையைத் தாண்டிய உலோகம் கணக்கிலிருந்தே போய்விடும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ஆனால் ஒரு பெரிய மறைகுழி இருக்கிறது. துகள், அடிப்பரப்பு இரண்டையுமே ஆய்லர் பொருளாக வைத்தால், ஒரே கட்டத்துக்குள் வரும் இரு உலோகங்களும் ஒரே வேகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றைப் பிரிக்க எந்த விதியும் இயல்பாக இல்லை. நொடிக்கு 200 மீட்டரில் விட்டாலும் துகள் ஒட்டியே நிற்கும், மீளெழவே எழாது. "எங்கள் சிமுலேஷனில் துகள் ஒட்டியது" என்று யாராவது சொன்னால், எந்த முறையில் என்று முதலில் கேளுங்கள்.

பொருள் மாதிரிக்கு, அதாவது உலோகம் உருமாற்றத்தை எவ்வளவு எதிர்க்கிறது என்று சொல்லும் சமன்பாட்டுக்கு, வருவோம். ஜான்சன்–குக் சமன்பாட்டைப் போட்டுச் செம்புக்கு 90, 292 மெகாபாஸ்கல், அடுக்கெண் 0.31 என்ற எண்களை எல்லாரும் கைமாற்றிக்கொண்டு வருகிறோம். அதில் தகைவு (உலோகம் காட்டும் எதிர்ப்பு), திரிபு வீதத்தின் (நொடிக்கு எவ்வளவு உருமாறுகிறது என்பதன்) மடக்கையோடு நேர்விகிதத்தில் மட்டுமே ஏறும். செம்பின் வலிமையோ நொடிக்கு ஏறத்தாழ 10,000 என்ற வீதத்துக்கு மேல் செங்குத்தாக ஏறத் தொடங்குகிறது. கோல்டு ஸ்ப்ரேயின் விளிம்பில் வீதம் நூறு கோடி வரை போகக்கூடும். எனவே கணக்கிலுள்ள துகள் உண்மையைவிட மென்மையாக இருந்து, அதிகமாகவே நசுங்கும். பிரஸ்டன்–டாங்க்ஸ்–வாலஸ் மாதிரி இதை நன்றாகச் சமாளிக்கிறது. ஃபோர்ட்ரானில் துணைநிரலாக எழுதி இணைக்கும் உழைப்பு வீண்போகாது.

ஒட்டுதலுக்குக் காரணம் எது என்பதிலேயே கருத்து வேறுபாடு உண்டு. 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள், லேசர் கொண்டு ஒற்றைத் துகளை ஏவி அதிவேகக் கேமராவில் படமெடுத்த சோதனைகளின் தொடர்ச்சியாக, நிலைகுலைவு தேவையே இல்லை, அழுத்த அலை துகளின் விளிம்பில் விடுபடுவதே ஜெட்டை உண்டாக்கப் போதும் என்றார்கள். வெப்ப மென்மையாதலை மாதிரியிலிருந்து நீக்கிய பிறகும் ஜெட் எழுந்ததுதான் அவர்களின் வலுவான வாதம். நிலைகுலைவுக் கருத்தை முன்வைத்த 2003ஆம் ஆண்டு அணியும் மறுப்பு எழுதியது. ஒரே மோதலை இரு தரப்பும் கணக்கிட்டு வெவ்வேறு காரணங்களைக் காட்ட முடிகிறது என்றால், வண்ண வண்ணமான வெப்பநிலைப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஒட்டுதலுக்குக் காரணம் சொல்ல முடியாது.

கையால் போடும் கணக்கையும் ஒதுக்கிவிட வேண்டாம். 500 மீட்டர் வேகத்தின் இயக்க ஆற்றல் முழுவதும் வெப்பமானாலும் செம்புத் துகளின் சராசரி வெப்பநிலை 325 பாகை மட்டுமே உயரும், உருகுநிலைக்கு வெகுதூரம். துகள் முழுவதும் உருகியதாக மாதிரி காட்டினால் எங்கோ கோளாறு என்று இந்த ஒரு வரியே சொல்லிவிடும். அதேபோல் 2006இல் ஷ்மிட் முதலியோர் தந்த சூத்திரத்தில் செம்பின் இழுவலிமையை 210 மெகாபாஸ்கல் என இட்டால், அறை வெப்பநிலையில் மாறுநிலை வேகம் நொடிக்குச் சுமார் 485 மீட்டர் என வருகிறது. எக்செல்லில் ஒரு நிமிட வேலை. ஒரு புதிய தூளுக்கு வேக வரம்பு மட்டும் தேவை என்றால் நான் இங்கேயே நின்றுவிடுவேன்.

ஆக்சைடுப் படலம் இன்னமும் கணக்குக்குள் வரவில்லை. அலுமினியத்தின் மேல் இயல்பாக இருக்கும் படலம் சில நானோமீட்டர் தடிமன்தான், நம் கட்டமோ அரை மைக்ரான். அந்தப் படலம் உடைந்து வெளியே தள்ளப்பட்டால்தான் உலோகத்தோடு உலோகம் சேரும் என்னும்போது, அது இல்லாத மாதிரி பழைய தூளுக்கும் புதுத் தூளுக்கும் ஒரே விடையைத் தருகிறது. பூச்சு முழுவதையும் துகள் துகளாகக் கணக்கிடுவதும் நடவாத காரியம். 25 மைக்ரான் துகள்களால் ஒரு கன மில்லிமீட்டர் பூச்சை நிரப்பவே 1,20,000 துகள்கள் வேண்டும். நாம் வைப்பது சில பத்துகள். எஞ்சிய தகைவு (பூச்சுக்குள் தங்கிவிடும் உள்விசை) அழுத்த வகையா இழுவை வகையா என்ற போக்கை அதிலிருந்து பார்க்கலாம், அளவை எடுக்கக் கூடாது.

புதிதாகத் தொடங்குபவர்கள் வாயு ஓட்டத்திலிருந்து துகளின் வேகத்தையும் வெப்பநிலையையும் எடுத்து, சூத்திரத்தோடு ஒப்பிட்டு, இரண்டும் முரண்பட்டால் மட்டும் மோதல் மாதிரிக்குப் போகலாம். அந்த மாதிரியையும் மாறுநிலைக்குக் கீழான வேகங்களில், துகளை லக்ராஞ்சியனாக வைத்து, மீளெழும் வேகத்தை ஒற்றைத் துகள் சோதனைகளின் வெளியான அளவீடுகளோடு பொருத்திப் பார்ப்பதே முதல் வேலை. அங்கே உருமாற்றம் குறைவு என்பதால் மெஷ் தாங்கும். அது பொருந்தாத பொருள் மாதிரியை வைத்துக்கொண்டு ஒட்டுதலைக் கணிக்கப் புறப்படுவதில் பயனில்லை.