ஊர் வீட்டைச் செப்பனிடுவதா, காரைக்குடிக்குக் குடிபோவதா?

செட்டிநாட்டில் கானாடுகாத்தானுக்கு அருகிலுள்ள எங்கள் ஊர் வீட்டைச் செப்பனிடுவதா, காரைக்குடியில் புது அடுக்குமாடி வீடு வாங்கிக் குடிபோவதா என்று இரண்டு ஆண்டுகள் யோசித்து, சென்ற ஆண்டு செப்பனிட்டோம். ஆகவே என் மனம் ஊர் வீட்டின் பக்கமே சாயும்.

காரைக்குடியின் வசதிகளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவமனையும் கடைத்தெருவும் பக்கத்திலேயே இருக்கின்றன. பெருக்கித் துடைக்கும் வேலை குறைவு. வீட்டைப் பூட்டிவிட்டு வெளியூர் போனாலும் மனம் பதறாது.

ஊர் வீட்டைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது கூரையே. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), அதற்குப் பின்னாலுள்ள இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி மறுதெருவில் முடியும் வீடு முழுவதற்கும் நாட்டு ஓடுதான். குரங்கு குதித்து ஓர் ஓடு விலகினாலும் ஐப்பசி மழை உள்ளே இறங்கிவிடும்; பர்மாத் தேக்கேயானாலும் ஈரம் தங்கினால் ஓட்டைத் தாங்கும் கைமரம் மெல்ல இற்றுப்போகும். விலகியதையும் உடைந்ததையும் ஆண்டுதோறும் புரட்டாசிக்குள் மாற்றிவிட்டால் அது சில நாள் கூலியோடு முடிகிற வேலை. நான்கைந்து ஆண்டு விட்டுவிட்டால் மரவேலை, சுவர்வேலை என்று பெருகி, பங்காளிகள் அனைவரும் கூடிப் பணம் போட்டாலும் கட்டுப்படியாகாது.

சுவரும் கூரையைச் சேர்ந்ததே. முன்பு ஒழுகி நனைந்த இரண்டாங்கட்டுச் சுவரில் அவசரத்துக்குச் சிமெண்டு பூசியிருந்தோம். மூன்று மழைக்காலத்துக்குள் அது உப்பிக்கொண்டது. கொத்தனார் கரண்டியால் தட்டியதும் பூச்சு தகடாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளிருந்த காரை ஈரமாவாக விரலில் ஒட்டியது. "சுண்ணாம்புச் சுவருக்கு மூச்சு வேணும் ஆச்சி, சிமெண்டு பூசினா அடைச்சுக்கும்" என்றார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்து, ஒவ்வொரு பூச்சும் காயும்வரை காத்திருந்து மறுபடி பூசினோம். சென்ற மழையில் அந்தச் சுவர் ஈரம் காட்டவில்லை. ஒரு மழைக்காலம்தான் கடந்திருக்கிறது என்பதால் இதற்கு மேல் உறுதி சொல்ல மாட்டேன்.

போட்ட பணம் விற்கும்போது திரும்புமா என்றால், திரும்பாது என்றே நினைக்கிறேன். எங்கள் வீட்டுக்கு விலை கேட்டு வந்தவர்கள் கதவையும் தூணையும்தான் தட்டிப் பார்த்தார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய வீடுகளிலிருந்து அப்படிப் பிரித்து வந்த மரங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றது பெருமைதான் என்றாலும், ஓடு மாற்றும் செலவு நம்முடையதே.

அடுக்குமாடியில் நான் குடியிருந்ததில்லை. உறவினர் வீட்டு மொட்டைமாடி ஒழுகியதைக் கண்டிருக்கிறேன், அவ்வளவே. ஆனால் புரட்டாசியில் ஊரில் நின்று வேலை வாங்க வீட்டில் ஒருவர்கூட இல்லையென்றால் காரைக்குடிக்கே போங்கள் என்பேன்.

முடிவெடுக்குமுன் ஒரு மழை இரவு ஊர் வீட்டில் தங்கி, சொட்டும் இடங்களை ஆத்தங்குடிக் கல் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு வையுங்கள். எங்கள் வீட்டில் 11 வட்டங்கள் விழுந்தன; அவற்றில் 9 இடங்களில் ஓடு மாற்றியதோடு சொட்டுவது நின்றுவிட்டது.