எம்சிஜி நாலாம் மாடி, கோல் போஸ்ட்டுக்குப் பின்னால்: பிளாக் தெரிகிற சீட்

மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் என்றால் நம்மவர்களுக்கு பாக்ஸிங் டே டெஸ்ட்தான் ஞாபகத்துக்கு வரும். குளிர்காலத்தில் அதே புல்தரையில் நடக்கிற ஆட்டமே வேறு, ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால். ஒரு அணிக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து, இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். நடுக்கம்பங்களுக்கு இடையே காலால் அடித்தால் 6 புள்ளி, பக்கத்து இடைவெளியில் போனால் ஆறுதல் பரிசாக 1 புள்ளி. ஊருக்கு வந்த புதிதில் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருந்தேன். இப்போது வாரம் தவறினால் கை அரிக்கிற நிலைமை.

இத்தனை வருஷமும் நான் விங் பக்கத்தில்தான் டிக்கெட் எடுப்பேன். அதாவது நடுமைதானத்துக்கு நேராக, டிவி கேமரா இருக்கிற திசையில். அங்கேதான் ஆட்டம் நன்றாகத் தெரியும் என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் நம்பினேன். போன சீசனில் ஆபீஸ் நண்பர் ஒருவர் (காலிங்வுட் அணியின் ரசிகர், அது பின்னால் முக்கியமாக வரும்) என்னைக் கட்டாயப்படுத்தி பன்ட் ரோடு முனையில், கோல் கம்பத்துக்குப் பின்னால், நாலாம் மாடிக்கு இழுத்துக்கொண்டு போனார். இந்த மதிப்புரை அந்த சீட்டைப் பற்றியது. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அம்பயர்களைப் பற்றி எழுதாமல் முடியாது, ஏன் என்று படித்தால் தெரியும்.

இரண்டாம் குவார்ட்டரில் நடந்ததைச் சொல்கிறேன். நடுமைதானத்தில் ஒருவன் பந்தை எங்கள் பக்கம் உயரமாக அடித்தான். பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தால் என் கண் பந்தோடுதான் பயணம் செய்திருக்கும், எல்லோர் கண்ணும் அப்படித்தான். ஆனால் பின்னாலிருந்து, மேலேயிருந்து பார்க்கும்போது பந்து வரும் முன்பே கீழே நடப்பது கோலம் போட்ட மாதிரி தெரிகிறது. உயரமான ஃபார்வர்ட் ஒருவன் முன்னால் ஓடுவதுபோல் இரண்டடி எடுத்து, சட்டென்று திரும்பினான். அவனைக் காவல் காக்கிற டிஃபெண்டரும் திரும்பினான். அந்த நேரத்தில், பந்துக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத மாதிரி, ஒரு குட்டை ஃபார்வர்ட் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து, கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் போல நின்றான். வானத்தைப் பார்த்துக்கொண்டு ஓடிவந்த டிஃபெண்டர் அவன் முதுகில் மோதி நின்றுபோனான். அரை வினாடி இருக்கும். உயரமானவன் ஆளில்லாத இடத்தில் எழும்பி சாவகாசமாக மார்க் பிடித்தான், அதாவது உதைத்த பந்தைக் கீழே விழாமல் பிடித்தான். அரங்கம் முழுக்கக் கைதட்டல். அம்பயர் விசில் ஊதியது மார்க்குக்கு மட்டும். பக்கத்தில் நண்பர் எழுந்து நின்று “பிளாக்! பிளாக்!” (மறிக்கிறான் என்று அர்த்தம்) என்று தொண்டை கிழியக் கத்தினார், எங்கள் வரிசையில் பாதிப் பேர் கத்தினார்கள். விங் பக்கத்தில் ஒருவர்கூட வாயைத் திறந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் மேல் தப்பில்லை, அங்கிருந்து தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், ஷெப்பர்ட் என்று ஒன்று இந்த ஆட்டத்தில் உண்டு. மேய்ப்பன் என்று அர்த்தம், ஆட்டை ஓரங்கட்டுவதுபோல எதிராளியை உடம்பால் ஓரங்கட்டுவது. பந்து 5 மீட்டருக்குள் இருந்தால், கையில் பந்து இல்லாதவனையும் இடிக்கலாம், மறிக்கலாம், தள்ளலாம். முதுகில் தள்ளுவது மாதிரி வேலையெல்லாம் கூடாது. பந்தோடு ஓடுகிற நண்பனுக்கு வழி செய்து கொடுக்கிற அழகான வேலை அது, அதைத் தடைசெய்தால் ஆட்டத்தின் உயிரே போய்விடும். ஆனால் மார்க்குக்குப் போட்டி நடக்கும்போது கணக்கு வேறு. பந்தைப் பிடிப்பதோ தட்டிவிடுவதோ மட்டுமே நோக்கமாக வருகிறவனை யாரும் மறிக்கக் கூடாது, மறித்தால் ஃப்ரீ கிக். ஆக அந்தக் குட்டை ஆள் செய்தது அப்பட்டமான தப்பு. அவன் கண் பந்தின் மேல் இருந்திருந்தால், தானும் பிடிக்கத்தான் வந்தேன் என்று வாதாடலாம். அவன் மேலே பார்க்கவே இல்லை. வர்ணனையாளர்களும் இதையேதான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள்: கண் பந்தில் இருந்ததா, ஆளில் இருந்ததா.

இந்த விதி தப்பு என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அந்தக் கட்சி இல்லை. விதி சரியாகத்தான் இருக்கிறது, ஊதுகிறவருக்குத்தான் தெரிவதில்லை. அம்பயர் தரையில் நிற்கிறார், அவருக்கு முன்னால் ஆறேழு பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறார்கள். இரண்டு உடம்பு மோதுவது தெரியும், யார் யாரை மறித்தார்கள் என்பது அந்தக் கோணத்தில் எப்படித் தெரியும்? 1976 வரை களத்தில் ஒரே அம்பயர், பிறகு இரண்டு, 1994-லிருந்து மூன்று, 2023-லிருந்து நான்கு. ஆள் கூடினாலும் நாலு பேரும் பந்தைத்தான் பார்க்கிறார்கள் என்பது என் குறை. பந்து காற்றில் இருக்கும் அந்த மூன்று நாலு வினாடிக்கு, கோல் முனையில் நிற்கிற ஒருவர் மட்டும் பந்தை மறந்துவிட்டு ஆட்களின் காலைப் பார்த்தால் போதும். மறிக்கிறவன் பந்தைப் பார்ப்பதில்லை, அவனைப் பிடிக்க வேண்டியவரும் பார்க்காமல் இருக்கட்டுமே.

டிஆர்எஸ் மாதிரி எதுவும் இல்லையா என்று கிரிக்கெட் நண்பர்கள் கேட்பார்கள். 2012-லிருந்து வீடியோ பரிசோதனை இருக்கிறது, ஆனால் கோலா இல்லையா என்று பார்க்க மட்டும். ஃப்ரீ கிக்குக்கு கிடையாது. வரவும் வேண்டாம், வந்தால் ஆட்டம் மறுநாள் காலைதான் முடியும்.

சரி, 2018. காலிங்வுட் ரசிகர் பக்கத்தில் உட்கார்ந்தால் இதிலிருந்து தப்ப முடியாது. இறுதிப் போட்டி, இதே மைதானம், 1,00,022 பேர். வெஸ்ட் கோஸ்ட் அணி கடைசி நிமிடங்களில் பின்தங்கியிருக்கிறது. பந்து ஒருவர் மாற்றி ஒருவராக மைதானம் முழுக்கக் கடந்து லியாம் ரயன் கைக்கு வருகிறது, அவர் பவுண்டரி ஓரமாக நிற்கிற டாமினிக் ஷீடுக்கு அடிக்கிறார், ஷீட் மார்க் பிடிக்கிறார். பிடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஷீடை நோக்கி வந்த காலிங்வுட்டின் பிரேடன் மேனார்டை வில்லி ரியோலி மறித்தாரா இல்லையா? விசில் வரவில்லை. ஷீட் அந்த முடியாத கோணத்திலிருந்து கோல் அடித்தார், 79-க்கு 74, ஐந்து புள்ளியில் கோப்பை போனது. ஒரு கோல் ஆறு புள்ளி என்பதை நண்பர் எனக்கு இதுவரை எத்தனை தடவை சொல்லியிருக்கிறார் என்று கணக்கில்லை. ரீப்ளேயை நானும் பலமுறை பார்த்துவிட்டேன். என் தீர்ப்பு: பிளாக்தான். சாதாரண ஆட்டத்தின் முதல் குவார்ட்டரில் அதே மோதலுக்கு ஊதியிருப்பார்கள். ஆனால் ஷீட் அடித்த அந்த உதையை எந்த அம்பயராலும் அவரிடமிருந்து பறிக்க முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். நண்பர் இதைக் கேட்டு இரண்டு நாள் பேசவில்லை.

ரக் போட்டியும் இந்த சீட்டிலிருந்து நன்றாகப் புரிகிறது, நம் முனையில் நடந்தால். பந்தை மேலே எறிந்ததும் இரண்டு நெட்டையர்கள் எம்புவார்களே, அதுதான். முன்பெல்லாம் மூன்றாவதாக ஒருவன் ஓடிவந்து எம்பித் தட்டிவிடுவான், இரண்டு ரக்கும் ஒன்றை ஒன்று கட்டிப்பிடித்து நிற்கும். 2017-ல் அதற்குத் தடை போட்டார்கள். யார் எம்பப்போவது என்று அம்பயரிடம் சொல்ல வேண்டும் என்றும் அப்போது விதி வந்தது. ரக் ஓடிவருகிற வழியை மறித்தால் ஃப்ரீ கிக். மறிக்கவில்லையா என்றால் மறிக்கிறார்கள், தற்செயலாக நின்ற மாதிரி.

இந்த ஆட்டத்தில் விதி எப்போதும் தந்திரத்துக்கு ஒரு வருஷம் பின்னால்தான் ஓடும். 2008 இறுதிப் போட்டியில் ஹாத்தார்ன் அணி, கோல் போகாமல் தடுக்கத் தானே பந்தைத் தன் முனைக் கோட்டைத் தாண்டித் தள்ளி எதிரணிக்கு ஒற்றைப் புள்ளிகளை அள்ளிக் கொடுத்து ஜெயித்தது. 2009-ல் வேண்டுமென்றே அப்படிச் செய்யக் கூடாது என்று விதி வந்தது. 2007-ல் மார்க் போட்டியில் எதிராளி முதுகில் கை வைத்தாலே தப்பு என்றார்கள், 2019-ல் தள்ளாமல் இடம் காக்க மட்டும் என்றால் வைக்கலாம் என்று மாற்றினார்கள். பிளாக் விஷயத்தில் மட்டும் விதி ஏற்கனவே கையில் இருக்கிறது, கண்தான் இல்லை.

அம்பயர்களைத் திட்டுகிறவன் என்று நினைக்க வேண்டாம். பையன் விளையாடுகிற உள்ளூர் மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைதான் அம்பயர். ஒரு பிளாக்குக்கு ஊதியது. அச்சு அசலாக மேலே சொன்ன குட்டை ஆள் விவகாரம். வேலிக்கு வெளியே நின்ற பெற்றோர்கள் போட்ட கூச்சலில் அந்தப் பிள்ளைக்கு காதெல்லாம் சிவந்துவிட்டது. அந்தப் பிள்ளை செய்தது நூறு சதவீதம் சரி, அன்று அந்த மைதானத்தில் சட்டம் தெரிந்த ஒரே ஆள் அதுதான். நானும் முதலில் கத்தினேன், மறைப்பானேன்.

அப்புறம் சீட்டின் குறைகள். எதிர் முனையில் நடப்பது எறும்பு ஊர்வலம் போலத்தான் தெரியும். கோட்டுக்குக் கோடு 160 மீட்டருக்குப் பக்கத்தில் வருகிற மைதானம், சட்டை எண்ணெல்லாம் படிக்க முடியாது, பெரிய திரையைத்தான் பார்க்க வேண்டும். குவார்ட்டருக்குக் குவார்ட்டர் அணிகள் முனை மாறுவதால் ஆட்டத்தில் பாதி நேரம் தான் நம் அணியின் ஃபார்வர்டுகள் நமக்குக் கீழே இருப்பார்கள். ஜூன், ஜூலை சாயங்காலத்தில் மேல்மாடிக் காற்று எலும்பைத் தொடும், இரண்டு ஸ்வெட்டர் போடுங்கள், அதற்கு மேல் ஒரு கோட். பைனாகுலர் இருந்தால் கொண்டுபோங்கள். முதல் வரிசை வேண்டாம், தடுப்புக் கம்பி கண்ணுக்கு நேரே வருகிறது. நாலைந்து வரிசை பின்னால் தள்ளி எடுங்கள்.

சத்தமும் வேறு மாதிரி. ஒருவன் பந்தைப் பிடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டால் அரங்கமே “பாஆஆல்!” என்று இழுத்துக் கத்தும், அது எல்லா சீட்டிலும் உண்டு. பிளாக்குக்கான கத்தல் இங்கே மட்டும்தான் கேட்கும், அதுவும் பந்து வந்து சேர்வதற்கு ஒரு வினாடி முன்பே.

ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் தருவேன். அரை நட்சத்திரம் குளிருக்காகக் குறைத்தது. இந்த சீசனுக்கும் அதே பகுதியில் இரண்டு டிக்கெட் எடுத்தாகிவிட்டது, நண்பர்தான் பணம் கொடுத்தார். ஒரே நிபந்தனை, 2018 பற்றி நான் ஷீடுக்குச் சாதகமாக ஒரு வார்த்தை பேசக் கூடாதாம்.