மேடைக்கு அடியில் பலகையா, சிமென்ட் ஸ்லாபா? குறைந்த செலவுச் சமையலறைக்கு ஓர் ஒப்பீடு

சமையலறையைப் புதுப்பிக்கக் கையில் இருக்கும் தொகை குறைவாக இருக்கும்போதும், பேச்சு பெரும்பாலும் கதவின் நிறத்தையும் மேடையின் பளபளப்பையும் சுற்றியே நடக்கிறது. ஆனால் பணத்தை அதிகம் விழுங்குவதும், ஐந்து ஆண்டுகளில் முதலில் கெட்டுப்போவதும் கதவுக்குப் பின்னால் மறைந்திருக்கும் கூடுதான். அந்தக் கூட்டை அமைக்கத் தமிழ்நாட்டில் இன்று ஐந்து வழிகள் பரவலாக இருக்கின்றன: தொழிற்சாலையில் அறுத்துக் கொண்டுவந்து பூட்டும் மாடுலர் பெட்டி, ஆசாரி வீட்டிலேயே செய்துதரும் பிளைவுட் வேலை, பி.வி.சி., அலுமினியம், கடைசியாகப் பெரோசிமென்ட் (கம்பி வலையின் மீது சிமென்ட் பூசி வார்த்தது) அல்லது கடப்பாக்கல் பலகைகளால் தடுப்புகள் கட்டி முகப்பில் மட்டும் கதவு போடும் முறை.

ஒப்பீடு நேர்மையாக இருக்க ஒரே சமையலறையை மனத்தில் வைத்துக்கொள்வோம். பத்தடி நீளமும் இரண்டடி ஆழமும் கொண்ட நேரான மேடை, ஒரு சிங்க், ஒரு எரிவாயு சிலிண்டர், ஒரு கிரைண்டர். வீட்டில் இருப்பவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் தரையில் தண்ணீர் ஊற்றித் துடைப்பத்தால் தள்ளிக் கழுவுகிறவர்கள். இந்தக் கடைசித் தகவல்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

மாடுலர் பெட்டி

குறைந்த விலையில் விளம்பரமாகும் மாடுலர் பெட்டிகள் பெரும்பாலும் பார்ட்டிகிள் போர்டால் அல்லது எம்.டி.எஃப். பலகையால் செய்யப்படுகின்றன, முன்னது மரச்சில்லுகளையும் பின்னது மர நாரையும் பசையோடு சேர்த்து அழுத்தியவை. இரண்டு மூன்று நாட்களில் வேலை முடிந்துவிடும், வீட்டில் தூசி பறக்காது, இழுப்பறைகள் நூல் பிடித்தாற்போல் ஓடும் என்பவை மறுக்க முடியாத நன்மைகள். இயந்திரத்தில் ஒட்டிய விளிம்புப் பட்டை, ஆசாரி கையால் ஒட்டுவதைவிட நன்றாகவே நிற்கும். ஆனால் சிங்குக்காக வெட்டிய ஓட்டையிலும், குழாய்க்காகத் துளைத்த துளையிலும், திருகாணி ஏறிய இடத்திலும் அந்தப் பட்டை இருப்பதில்லை. அங்கே ஈரம் புகுந்தால் பலகை உப்பிக்கொள்ளும். காய்ந்த பின் பழைய அளவுக்குத் திரும்பாது. உப்பிய இடத்தில் திருகாணி பிடிமானத்தை இழப்பதால் கீல் கழன்று கதவு தொங்கும். எங்கள் வீட்டில் முதல் முறை இதைத்தான் போட்டோம். மூன்றாவது மழைக்காலம் முடிவதற்குள் சிங்குக்கு அடியில் இருந்த பெட்டியின் அடிப்பலகை ஊறிய ரஸ்க்கைப் போலக் கையோடு வந்துவிட்டது. எச்.டி.எச்.எம்.ஆர். என்று கடைகளில் சொல்லப்படும் அடர்த்தி மிகுந்த பலகை ஈரத்தை இதைவிட நன்றாகத் தாங்கும், ஆனால் விலையும் அதற்கேற்ப ஏறும்.

விலைப்பட்டியலிலும் கவனம் தேவை. பெரும்பாலும் முகப்பின் நீளத்தையும் உயரத்தையும் பெருக்கிச் சதுர அடிக்கு ஒரு விலை சொல்வார்கள். கம்பிக்கூடை, மெதுவாக மூடும் கீல், இழுப்பறைச் சேனல் ஆகியவை தனிப் பக்கத்தில் வரும். இரண்டு பக்கங்களையும் கூட்டிப் பார்த்த பிறகுதான் எந்த ஒப்பீட்டுக்கும் பொருள் உண்டு.

ஆசாரி செய்யும் பிளைவுட் கூடு

பிளைவுட்டில் தரத்தைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். ஐ.எஸ். 303 என்பது பொதுப் பயன்பாட்டுப் பிளைவுட்டுக்கான இந்தியத் தர எண். ஓரளவு ஈரம் தாங்கும் எம்.ஆர். வகையும், கொதிநீரைத் தாங்கும் பி.டபிள்யூ.ஆர். வகையும் அதில் அடங்கும். ஐ.எஸ். 710 என்பது மரைன் பிளைவுட். அதன் பசை 72 மணி நேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்கியாக வேண்டும். 'வாட்டர் ப்ரூஃப்' என்று கடைக்காரர் வாயால் சொல்வதற்கும் பலகையின் மீது அச்சிட்ட முத்திரைக்கும் இடையே பெரிய தூரம் உண்டு.

நம் பத்தடி மேடைக்கு எவ்வளவு பலகை வேண்டும்? மேடையின் உயரம் 34 அங்குலம் என்றால், கல்லின் கனத்தையும் கீழே விடும் கால் இடைவெளியையும் கழித்துக் கூட்டுக்கு ஏறத்தாழ 28 அங்குலம் மிஞ்சும். இரண்டடிக்கு ஒன்றாக ஐந்து அறைகள். அதற்கு ஆறு தடுப்புகள், அடிப்பலகை, நடுவில் ஒரு தட்டு. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 68 சதுர அடி வருகிறது. எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று 32 சதுர அடி. வெட்டும்போது வீணாவதையும் சேர்த்தால் 18 மில்லிமீட்டர் கனத்தில் மூன்று பலகைகள் வேண்டும். பின்பக்கத்துக்கு மெல்லிய பலகை ஒன்று, கதவுகளுக்கு மேலும் ஒன்று. உள்ளும் வெளியும் ஒட்டும் மைக்காவும், ஆசாரிக் கூலியும் தனி. நல்ல பிளைவுட்டில் நல்ல ஆசாரி செய்தால் இது நெடுநாள் உழைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஐந்து பலகைகளில் ஒன்றுதான் பார்வைக்குத் தெரியும் கதவாகிறது என்பதைக் கவனித்தால், மீதி நான்குக்கும் மலிவான மாற்று இருக்கிறதா என்ற கேள்வி தானாக எழும்.

பெரோசிமென்ட்டும் கடப்பாவும்

அந்த மாற்று, கம்பி வலையின் மீது சிமென்ட் கலவையைப் பூசி வார்த்த, ஏறத்தாழ ஓர் அங்குலக் கனமுள்ள பலகை. இதைப் புதுமை என்று எண்ண வேண்டியதில்லை. பிரான்ஸில் ஜோசப் லூயி லாம்போ 1848-இல் இதே முறையில் ஒரு படகையே செய்தார். தண்ணீரில் மிதந்த பொருளுக்கு நம் சிங்க்கின் ஒழுக்கு பெரிய சோதனையாகாது. கரையான் இதைத் தின்னாது, உப்பாது, நனைந்தாலும் வடிவம் மாறாது. அடிப்பலகைக்குப் பதில் நான்கு அங்குல உயரத்துக்குச் செங்கல் வைத்து மேலே டைல் ஒட்டிவிட்டால், வெள்ளிக்கிழமைத் தண்ணீர் கூட்டுக்குள் ஏறவே வழியில்லை. கனம் கூடுவதால் இடம் குறையுமே என்று சிலர் தயங்குவர்; ஒரு தடுப்புக்கு ஏழு மில்லிமீட்டர் வீதம் ஆறு தடுப்புக்கும் சேர்த்து இரண்டு அங்குலம்கூட இழப்பு வராது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பலகையைச் சுவரில் காடி வெட்டிச் சொருகுவதால் வீடு சில நாட்கள் தூசிக்காடாகும். பின்னாளில் அமைப்பை மாற்ற நினைத்தால் உடைப்பதைத் தவிர வழியில்லை. ஆகவே வாடகை வீட்டுக்கு இது பொருந்தாது. கீலை நேரடியாகப் பூட்ட முடியாது என்பதால் முகப்பில் மரச்சட்டமோ அலுமினியச் சட்டமோ வேண்டும். இழுப்பறை வேண்டுமென்றால் இரு பக்கமும் பிளைவுட் பட்டை அடித்து அதில்தான் சேனல் பொருத்த வேண்டும், அதுவும் தடுப்புகள் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்தப்பட்டிருந்தால்தான் நேராக ஓடும். எடையும் ஒரு பொருட்டுதான்: நம் கணக்கில் உள்ள அளவுக்குப் பிளைவுட் 70 கிலோவுக்குள் அடங்கும்போது, இது ஏறக்குறைய 350 கிலோ வரும். தரைத்தளத்தில் கவலையில்லை, பழைய அடுக்குமாடியின் மேல்தளம் என்றால் பொறியாளர் ஒருவரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. வாங்கும்போது விரலால் தட்டிப் பார்க்கலாம். நன்றாக நீராற்றிய பலகை கணீரென்று ஒலிக்கும். விளிம்பு பொடிந்தாலோ வலை வெளியே தெரிந்தாலோ திருப்பி அனுப்பிவிடுவது நல்லது, ஏனெனில் வெளியே தெரியும் வலை துருப்பிடிக்கும்.

கடப்பாக்கல் இதே வேலையைச் செய்யும், வழவழப்பாகவும் இருக்கும். ஆனால் அது அடுக்கடுக்கான கல். துளையிடும்போது சில்லு பெயரும், கனமும் பலகைக்குப் பலகை மாறும். தட்டுகளுக்குக் கடப்பாவும் தடுப்புகளுக்குப் பெரோசிமென்ட்டும் என்று கலந்து செய்கிற கொத்தனார்கள் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது.

பி.வி.சி., அலுமினியம்

பி.வி.சி. நனையாது, எடை குறைவு, விலையும் கைக்கு எட்டும். ஆனால் எண்பது டிகிரியை ஒட்டிய வெப்பத்திலேயே இளகத் தொடங்கும் பொருளை அடுப்புக்கு அருகில் வைப்பதும், பாத்திரம் நிறைந்த நீண்ட தட்டாகப் பயன்படுத்துவதும் அறிவுடைமையாகாது. சிங்குக்கு அடியில் உள்ள ஒரே ஒரு கதவுக்கு அது மிகப் பொருத்தம். அலுமினியம் துருப்பிடிக்காது, கரையான் அணுகாது. கனம் குறைந்த சட்டத்தில் செய்தால் மூலைகள் ஆடும், கனமான சட்டத்தில் செய்தால் பிளைவுட்டை விட்டு விலகிய பயன் இராது.

மேலே போடும் கல்

மேடைக்குக் கிரானைட்டா, கடப்பாவா, குவார்ட்ஸா என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சையும் புளியும் பட்ட இடம் மங்கும். குவார்ட்ஸ் பலகை கல்தூளைப் பிசினோடு சேர்த்துச் செய்தது. அடுப்பிலிருந்து இறக்கிய இரும்புக் கடாயை அதன் மீது அப்படியே வைத்தால் பிசின் கருகித் தடம் விழலாம். கிரானைட்டுக்கு இவ்விரு தொல்லையும் இல்லை. கிருஷ்ணகிரியிலும் விழுப்புரம் மாவட்டத்துக் குன்னத்திலும் வெட்டியெடுக்கும் நாடு இது என்பதால் தெரிவுக்கும் பஞ்சமில்லை. விலை கேட்கும்போது விளிம்பை உருட்டுவதற்கான ரன்னிங் அடிக் கூலியையும், சிங்க் வெட்டும் கூலியையும் சேர்த்துக் கேட்க வேண்டும். பழைய கிரானைட் மேடை விரிசலின்றி இருந்தால் அதைத் தொடாமல் கீழ் வேலையை மட்டும் செய்வதே பெருஞ்சிக்கனம்.

நான் பணத்தைப் பிரிக்கும் விதம்

சொந்த வீடு, தரைத்தளம் என்றால் கீழ்க்கூடு பெரோசிமென்ட்; தண்ணீர் எட்டாத மேல் அலமாரிக்குச் சாதாரண எம்.ஆர். பிளைவுட்டே போதும், கதவுக்கு மட்டும் ஒரு பலகை பி.டபிள்யூ.ஆர். தரத்தில். வாடகை வீட்டிலும் பழைய மேல்தளத்திலும் பிளைவுட் கூடுதான் சரி; அங்கே ஐ.எஸ். 710 பலகையைச் சிங்க் அறைக்கு மட்டுமாவது ஒதுக்கலாம். விலை குறைந்த பார்ட்டிகிள் போர்டை எந்த நிலையிலும் மேடைக்குக் கீழே நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிமென்ட் முறைக்கு இன்னொரு வசதியும் உண்டு: வேலையைத் தவணையாகச் செய்யலாம். கூட்டையும் கல்லையும் இப்போது முடித்துவிட்டு, கதவுகளைத் தீபாவளி போனஸ் வரை தள்ளிப்போட்டு, அதுவரை ஒரு திரைத்துணியால் மறைத்துக்கொள்ளலாம். அப்படிச் செய்பவர்கள் கீலுக்கான சட்டத்தை மட்டும் கொத்தனார் இருக்கும்போதே பதித்துவிட வேண்டும். சிலிண்டர் வைக்கும் அறையின் கதவில் தரையை ஒட்டிக் காற்றுத்துளைகள் விடவும் அப்போதே ஆசாரியிடம் சொல்லிவைக்க வேண்டும், ஏனெனில் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.