ஒரு மரத்தை முழுதாகவா, நூறு மரங்களை மேலோட்டமாகவா?

ஆப்பிரிக்காவுக்கே உரிய தாவரங்களின் ஜீனோமை, அதாவது ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ. தொகுப்பை, வாசிக்கும் வேலை இப்போதுதான் சூடுபிடிக்கிறது. 2021-இல் தொடங்கிய ஆப்பிரிக்க பயோஜீனோம் திட்டம் விலங்கு, தாவரம் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இனங்களைக் குறிவைக்கிறது. பணமோ அளவாகத்தான் இருக்கிறது. அழிவின் விளிம்பில் நிற்கும் ஒரு மரத்தைக் காப்பாற்ற, எந்த வகை வாசிப்புக்கு அதைச் செலவிடலாம்?

மடகாஸ்கரின் ஆனைப்புளிய (பாவோபாப்) மரங்களையே எடுத்துக்கொள்வோம். உலகில் உள்ள எட்டு இனங்களில் ஆறு அந்தத் தீவில் மட்டுமே வளர்கின்றன. (மன்னாரில் பெருக்கமரம் என்று நிற்பது ஆப்பிரிக்கப் பெருநிலத்தின் இனம்.)

ஒரே மரத்தின் ஜீனோமைத் தொடக்கம் முதல் கடைசி வரை கோத்து எடுப்பது முதல் வழி. நீளமான டி.என்.ஏ. இழைகள் சிதையாமல் கிடைக்க வேண்டும். அதனால் பறித்த இலையை உடனே திரவ நைட்ரஜனில் உறைய வைப்பார்கள். சாலையே இல்லாத காட்டில் இது பெரும்பாடு. பலனும் பெரிதுதான். எட்டு இனங்களின் ஜீனோமும் 2024-இல் வெளியானபோது, இந்தப் பேரினம் மடகாஸ்கரில் தோன்றியிருக்க வேண்டும் என்பதற்கு வலுவான சான்று கிடைத்தது. ஆனால் ஒரு மரத்தை மட்டும் வைத்துக் கணித்தால் பல்லாயிரம் ஆண்டுகளின் ஏற்ற இறக்கம் தெரியுமே தவிர, போன நூற்றாண்டில் காடு அழிந்ததன் பாதிப்பு அநேகமாகத் தெரியாது.

அதற்குத்தான் இரண்டாவது வழி: பல தோப்புகளிலிருந்து நிறைய மரங்களைக் குறைந்த ஆழத்தில், அதாவது ஒவ்வொரு இடத்தையும் சில தடவை மட்டுமே படித்து மேலோட்டமாக வாசித்து, ஏற்கெனவே கோத்த ஜீனோமோடு ஒப்பிடுவது. இலைத் துண்டை சிலிக்கா ஜெல்லில் உலர்த்தினால் போதும், உள்ளூர் மாணவர்களே சேகரித்துவிடலாம். எந்தத் தோப்பில் நெருங்கிய உறவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை நடக்கிறது, எந்தத் தோப்பின் விதையை எங்கே நடலாம் என்பதெல்லாம் இதில்தான் வெளிப்படும்.

பார்கோடு முறை இன்னும் மலிவு. இரண்டு மூன்று மரபணுத் துண்டுகளைப் படித்து இது என்ன இனம் என்று சொல்வதோடு சரி. திருட்டுச் சரக்கைப் பிடிக்க உதவும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் அதிகம் திருடப்படும் என்செபலார்டஸ் என்ற, பனை போலத் தோன்றும் சைகேட் மரங்களில் நெருங்கிய இனங்களைப் பிரிக்கவே அது திணறுகிறது.

எந்த வாசிப்பும் கைகொடுக்காத இடமும் உண்டு. அதே பேரினத்தைச் சேர்ந்த என்செபலார்டஸ் வுடி என்ற இனத்தை 1895-இல் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட், தென்னாப்பிரிக்காவில் இன்றைய குவாசுலு-நட்டாலின் ஓங்கோயே காட்டில் கண்டார். கிடைத்தது ஒரே ஒரு ஆண் மரம். இன்று தோட்டங்களில் இருப்பவை எல்லாம் அதன் நகல்கள். நூறை வாசித்தாலும் ஒரே ஜீனோம்தான்.

என் முடிவு இதுதான்: இனத்துக்கு ஒரு முழு வாசிப்பு போதும், அது இல்லாமலும் முடியாது. மீதிப் பணம் மேலோட்டமான வாசிப்புக்கே போகட்டும். அதிலும் பெரிய மரங்களோடு நிறுத்தக் கூடாது. ஆனைப்புளியில் ஆயிரம் ஆண்டு தாண்டியவை உண்டு, அவற்றின் டி.என்.ஏ.வில் இருப்பது காடு அடர்ந்திருந்த காலத்தின் மரபணுப் பன்மை. இன்றைய இழப்பு தெரிய வேண்டுமானால் அவற்றின் அடியில் முளைத்த கன்றுகளையும் வாசிக்க வேண்டும். மேற்கு மடகாஸ்கரின் மொரொண்டாவா பக்கம் வயலுக்கும் மேய்ச்சலுக்கும் நடுவே அப்படிப்பட்ட கன்றுகள் அரிது. அங்கே சேகரிப்பை இப்போதே தொடங்குவது நல்லது.