சிரிப்பு நாவலுக்கு எந்தத் திமிங்கிலம்?
மட்டக்களப்புக் கடலில் திமிங்கில ஆய்வாளர்களை வைத்து ஒரு நகைச்சுவைச் சாகச நாவல் எழுதினால், நாயகன் யார்? நீலத் திமிங்கிலம் உலகிலேயே பெரிய விலங்கு, சரி. ஆனால் அதன் குரல் பெரும்பாலும் நம் காதுக்கு எட்டாத தாழ்ந்த ஒலி. பாடும் மீனுக்குப் பேர்போன கல்லடி வாசகருக்கு அது போதுமா?

அம்பர் என்ற வாசனைப் பொருளைத் தரும் எண்ணெய்த் திமிங்கிலத்தைப் பாருங்கள். செங்குத்தாக நின்று தூங்கும், டிக் டிக்கென்று ஒலியெழுப்பித் தன் கூட்டத்தோடு பேசும். கணவாய் தேடி 1000 மீற்றருக்கும் கீழே போய்விடும். ஆய்வாளர் படகில் முக்கால் மணி நேரம் காத்துக்கிடக்க வேண்டும். மூழ்கும்போது அது மலம் கழித்துவிட்டுப் போவதும் உண்டு; என்ன தின்றது என்றறிய அதையும் வலையால் அள்ளுவார்கள்! அந்த வலையை நீட்டும் கல்லடி மீனவ மாமாவின் முகத்துக்காகவே நான் இதைத்தான் எடுப்பேன்.