நாலு வருஷமாக எங்கள் மொட்டைமாடியில் ஒரு ரேடியோ தொலைநோக்கி

நாகமலை அடிவாரத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். 15,000 ரூபாய்க்குள் பிள்ளைகளோடு சேர்ந்து செய்த ஹார்ன் ஆண்டெனா, அதாவது புனல் வடிவ ஆண்டெனா இது. செய்யலாமா என்று யோசிக்கும் ஆசிரியர்களுக்காக எழுதுகிறேன்.

அலுமினியத் தகட்டில் 75 செ.மீ. அகல வாய். அடியில் தகர டின், அதற்குள் 5.3 செ.மீ. செம்புக் கம்பி. விண்வெளியில் இருக்கும் ஹைட்ரஜன் வாயு விடும் 21 செ.மீ. ரேடியோ அலையில் கால்வாசி அது. பிறகு பெருக்கி, வடிகட்டி, லேப்டாப்பில் செருகும் ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்ற சின்ன ரேடியோ வாங்கி டாங்கிள். 1951-இல் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் இந்த 1420 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை முதன்முதலாகப் பிடித்ததும் ஹார்ன் வைத்துத்தான்.

முதல் வகுப்பில் நட்சத்திரப் பேச்சே எடுப்பதில்லை. ஹார்னை நாகமலைப் பக்கம் திருப்பச் சொல்வேன், திரையில் சிக்னல் அளவைக் காட்டும் கோடு ஏறும். உச்சிவானத்துக்குத் திருப்பினால் இறங்கிவிடும். பாறை சூடு, வானம் குளிர்; சூடு கூடினால் அது விடும் ரேடியோ அலையும் கூடும். ஒரு பையன் தானாகவே ஹார்ன் வாய்க்கு முன்னால் போய் நின்றான். கோடு மறுபடி ஏறியது. "சார், அப்ப நானும் ரேடியோ விடுறேனா?" என்றான். அந்தக் கேள்வியைக் கேட்க வைக்க எனக்கு வேறு வழி தெரிந்ததில்லை.

தொல்லைகளும் உண்டு. முதல் வருஷம் ஆடிக் காற்று ஹார்னைத் தூக்கிப் போட்டதில் வாய் நசுங்கியது. இப்போது நாலு மணல் மூட்டை. ஐப்பசி மழையில் இணைப்பியில் துரு ஏறி சிக்னலே போய்விட்டது. டேப் சுற்றாமல் வெளியே வைக்காதீர்கள். சித்திரை வெயிலில் டாங்கிள் கொதித்து அலைவரிசை நகரும், இரவில் மட்டும் எடுங்கள். ஒருநாள் கரண்ட் போனதும் திரையிலிருந்த முள்முள்ளான கோடுகள் சட்டென மறைந்தன. மாடிப்படி எல்இடி விளக்கின் வேலை! அன்றிலிருந்து எல்லாவற்றையும் அணைத்துவிட்டு லேப்டாப் பேட்டரியில்தான் ஓட்டுகிறோம்.

படம் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பார்வையே கிட்டத்தட்ட 18 பாகை அகலம். ஆனால் ஆவணி இரவில் அன்னம் விண்மீன் கூட்டத்தை நோக்கி வைத்தால், மேகம் மூடியிருந்தாலும் திரைக் கோட்டில் ஹைட்ரஜன் சிக்னல் ஒரு மேடாகத் தெரியும். ஒன்றல்ல, ஒன்றுக்கு மேல். பால்வீதியின் வெவ்வேறு சுருள் கைகளில் வாயு வெவ்வேறு வேகத்தில் ஓடுகிறது. வேகத்துக்கேற்ப மேடு 1420 மெகாஹெர்ட்ஸ் இடத்திலிருந்து தள்ளிப்போகும்; சுமார் 4.7 கிலோஹெர்ட்ஸ் விலகினால் நொடிக்கு 1 கி.மீ. வேகம் என்று பிள்ளைகளே கணக்குப் போடுகிறார்கள்.

போன வருஷம் பிள்ளைகளை ஊட்டி முத்தோரையிலுள்ள பெரிய ரேடியோ தொலைநோக்கிக்குக் கூட்டிப் போனேன். மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது அந்தத் தொலைநோக்கி. எங்கள் கம்பியை அரம் வைத்து ராவிய பெண், வந்ததும் கேட்டது: "இதுல கம்பி எங்க சார் இருக்கு?" 1,056 இருமுனைக் கம்பிகள் வரிசையாக இருக்கும் இடத்தைக் கைநீட்டிக் காட்டினேன்.